முசோலினி நடக்கவில்லை, ரயிலில் வந்தார்

வணக்கம் நண்பர்களே. நேற்றிரவு ஒரு குறுங்காணொளியைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. இத்தாலியின் பாசிஸ்டுத் தலைவர் முசோலினி, தம் கட்சியின் கருஞ்சட்டைப் படைக்கு முன்னால் நடந்தே சென்று ரோமைப் பிடித்தாராம். பின்னணியில் முரசுச் சத்தம் வேறு. தேதி விஷயத்தில் என் பிடிவாதத்தை அறிந்த உங்களுக்கு, நான் இதைச் சும்மா விடமாட்டேன் என்பதும் தெரிந்திருக்கும்.

அவர் நடக்கவில்லை, ரயிலில் வந்தார். 1922 அக்டோபர் 28 அன்று, அவருடைய ஆட்கள் போதிய உணவும் ஆயுதமும் இன்றி ரோமுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தபோது, அவர் மிலானில் இருந்தார். காரியம் கெட்டால் சுவிட்சர்லாந்து எல்லை அங்கிருந்து பக்கம்தான். ஆட்சியமைக்க வருமாறு மன்னரின் அழைப்பு தந்தியாகவே வரவேண்டும் என்று கேட்டுப் பெற்ற பிறகுதான், 29ஆம் தேதி இரவு படுக்கைப் பெட்டியில் ஏறி, மறுநாள் காலை தலைநகரில் இறங்கினார். படையினரின் அணிவகுப்பு நடந்ததோ 31ஆம் தேதி, அதாவது அவர் பிரதமரான பிறகு; அதுவும் முடிந்ததும் அவர்களையும் சிறப்பு ரயில்களில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் ரயில்தான், ஐயா!

எனக்கு முசோலினியைவிட அதிகக் கோபம் இத்தாலி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மீதுதான். 28ஆம் தேதி காலையில் பிரதமர் ஃபாக்தா, அதிகாரத்தை ராணுவத்திடம் ஒப்படைக்கும் முற்றுகை நிலை ஆணையை நீட்டியபோது, அறிவிப்புகள் சுவர்களில் ஒட்டப்பட்டுவிட்ட பின்னும், மன்னர் கையெழுத்திட மறுத்தார். அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால், ரோமில் இருந்த ராணுவத்துக்கு நனைந்த அந்தக் கூட்டத்தைக் கலைப்பது பெரிய வேலையே இல்லை என்பது என் கருத்து.

பொறுங்கள், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 1919 தேர்தலில் பாசிஸ்டுகளுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. போ ஆற்றுச் சமவெளியில் நிலவுடைமையாளர்களின் பணத்தில் தொழிலாளர் சங்கங்களையும் கூட்டுறவுகளையும் எரித்துத் திரிந்த அந்தக் கும்பல்களைத்தான், 1921இல் பழுத்த அரசியல்வாதி ஜொலித்தி, அடக்கி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணித் தம் தேர்தல் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். பாசிஸ்டுகளுக்கு 535 இடங்களில் 35 கிடைத்தன. தம்மைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொள்ளும் இத்தகையவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

அமைச்சரவையிலும் முசோலினியைச் சேர்த்து நான்கே பாசிஸ்டுகள். ஆனாலும் நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில், இந்த மண்டபத்தைத் தம் படையினர் தங்கும் பாசறையாக்கியிருக்க முடியும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதைக் கேட்டிருந்த உறுப்பினர்கள், 306க்கு 116 என்ற கணக்கில் அவர்மேல் நம்பிக்கை தெரிவித்தார்கள். ஜொலித்தியும் ஆதரித்தே வாக்களித்தார்.

1923ஆம் ஆண்டின் அச்செர்போ சட்டத்தைத் தனிக் காணொளியாகத் தருகிறேன். 25 விழுக்காட்டு வாக்குடன் முதலிடம் பெறும் கட்சிக்கு மூன்றில் இரு பங்கு இடங்கள் என்ற அந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டாமல் விளக்க முடியாது.