ஒரே கான்செர்ட்டோ, எத்தனை ஒலிப்பதிவு!

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் எழுதி வைத்திருந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்த தொழில்நுட்பத் தம்பிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொருளாளர் ஐயா வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அவருக்கும் என் வணக்கத்தை முன்கூட்டியே வைத்துவிடுகிறேன்.

பியானோ முன்நிற்க, இசைக்குழு சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைப்படைப்புதான் பியானோ கான்செர்ட்டோ. ஒரு கான்செர்ட்டோவுக்குப் பத்து ஒலிப்பதிவு இருந்தால் அவற்றை எப்படி ஒப்பிடுவது? மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று ஒலியளவு, இரண்டு கால அளவு, மூன்று பியானோவின் குரல். மூன்றுக்கும் அடிப்படை நம் பாட்டிமார் சொன்னதுதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதலில் ஒலியளவு. இரண்டு பதிவில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலும் போதும். அதில்தான் உயிர் இருக்கிறது, தெளிவு இருக்கிறது என்று காது தீர்ப்பு எழுதிவிடும். சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது, வாசிப்பு உயர்ந்தது என்றே தோன்றும். ஆகவே ஒப்பிடும் முன் அளவைச் சமப்படுத்த வேண்டும். எந்த இடத்தில்? இசைக்குழு முழங்கும் இடத்தில் கூடாது, பியானோ தனியாக வரும் இடத்தில். பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோ இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. முதல் ஐந்து பார், அதாவது நம் ஆவர்த்தனம்போல் ஐந்து தாளச் சுற்று, பியானோ மட்டும், மென்மையாக. ஆறாவது பாரில் குழுவின் தந்தி வாத்தியங்கள் நுழைகின்றன. அந்த ஐந்து பாரை எல்லாப் பதிவிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒலியளவுக் குமிழைத் தொடாமல் மேலே கேளுங்கள். குழு முழுவதும் சேரும்போது ஒரு பதிவில் பியானோ குழுவுக்கு உள்ளே நிற்கும், இன்னொன்றில் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் மைக்கைப் பியானோவுக்கு மிக அருகில் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, "இவர் விரலில் என்ன பலம்!" என்று வியந்தால், நாம் பாராட்டுவது மைக் வைத்தவரை.

அடுத்தது கால அளவு. உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பார்த்து, இவர் வேகம், அவர் நிதானம் என்று பேசுகிறோம். பீத்தோவனின் முதல் கான்செர்ட்டோவில் முதல் பகுதிக்கு அவரே மூன்று கடென்சா, அதாவது குழு நிற்க பியானோ மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி, எழுதியிருக்கிறார். மூன்றாவது மிக நீளம். அதைத் தேர்ந்தெடுத்தவரின் பதிவு சில நிமிடம் நீளும், தாளத்தில் துளி மாற்றம் இல்லாமலே. ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவ் தம் மூன்றாவது கான்செர்ட்டோவைத் தாமே வாசித்த பதிவில் சில பகுதிகளை வெட்டியிருக்கிறார். அதன் நிமிடங்களை முழுமையாக வாசித்த பதிவோடு வைத்து வேகம் பேசுவது பாதித் துணியை அளந்துவிட்டு முழம் சொல்வது. மேடைப் பதிவில் கைதட்டலும் கணக்கில் சேர்ந்திருக்கும். வேகம் தெரிய வேண்டுமானால் வெட்டு இல்லாத ஒரு சிறு பகுதியை எடுத்துத் தாளத் தட்டுகளை எண்ணுங்கள். முன்சொன்ன ஐந்து பாரில் இருபது தட்டு. இருபது விநாடி ஆனால் நிமிடத்துக்கு 60, பதினாறு ஆனால் 75.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளில் இன்னொரு வம்பு. சில தட்டுகள் உண்மையில் வேறு வேகத்தில் பதிவானவை. தட்டு 3 சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறத்தாழ ஒரு செமிடோனில், அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில், பாதி ஏறிவிடும். பியானோவும் மினுங்கும், வாசிப்பும் துள்ளும். ஆகவே வேகத்தை நம்புமுன் சுருதியைப் பாருங்கள். கேட்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்?

இந்த இடத்தில் ஒரு கதை. தலைவர் மணியைப் பார்க்கிறார், பொறுத்தருள வேண்டும், கதை பெரிது.

தினு லிபாட்டி, ருமேனியப் பியானோ மேதை. 1950 டிசம்பரில், 33 வயதில் மறைந்தார். விட்டுச்சென்ற பதிவுகள் கொஞ்சம். அவர் மறைந்து பல ஆண்டுக்குப் பிறகு, அவர் வாசித்த ஷோபின் முதல் கான்செர்ட்டோ என்று ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. குழுவின் பெயர் இல்லை, குழுவை வழிநடத்திய நடத்துநர் பெயரும் இல்லை. அதனால் என்ன, லிபாட்டி பெயர் இருக்கிறதே! விமர்சகர்கள் உருகினார்கள். அந்த நயம், அந்தத் தூய்மை, வேறு யாருக்கு வரும் என்றார்கள். 1981-ல் பிபிசி அதை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்த நேயர் ஒருவருக்கு ஒரு சந்தேகம். இதை வேறு எங்கோ கேட்டிருக்கிறோமே! ஆம், கேட்டிருந்தார். சுப்ராஃபோன் நிறுவனத் தட்டில், போலந்தின் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா செக் பில்ஹார்மானிக்குடன் வாசித்த பதிவு அது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். அச்சு அசலாக ஒன்றே! 1949 ஷோபின் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அந்த அம்மையாருக்கு வந்திருக்க வேண்டிய புகழ் இத்தனை ஆண்டும் இன்னொருவர் கணக்கில் ஏறியது. (கைதட்டல்) கைதட்டல் அந்த நேயருக்கு, எனக்கு இல்லை. பிறகு லிபாட்டி 1950 பிப்ரவரியில் சூரிச்சில் ஓட்டோ ஆக்கர்மன் குழுவை நடத்த, அதே கான்செர்ட்டோவை வாசித்த உண்மையான பதிவும் வெளிவந்தது. இரண்டும் இன்று கிடைக்கின்றன. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கதை. 2007-ல் ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் வெடித்தது. பிறர் வாசித்த பதிவுகள் இந்தப் பிரிட்டிஷ் பியானோ கலைஞரின் பெயரில் வெளிவந்திருந்தன. அவர் பெயரில் வந்த பிராம்ஸ் இரண்டாவது கான்செர்ட்டோ, அஷ்கெனாசி வாசித்து ஹைட்டிங்க் நடத்தியது. உறையில் இருந்த நடத்துநர் ரெனே கோலர் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. அங்கே பெயர் விடுபட்டது, இங்கே பெயர் முளைத்தது. தீர விசாரிப்பதே மெய்!

ஆகவே நான் பல மேடைகளில் கேட்டுவருவதை இங்கேயும் கேட்கிறேன். ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் ஏழு விவரம் கட்டாயம் வேண்டும்: பதிவு செய்த நாள், இடம், மேடையா ஸ்டுடியோவா, குழு, நடத்துநர், யாருடைய கடென்சா, வெட்டு உண்டா. இணையச் செயலிகளில் 1959-ல் பதிவானதற்குப் பக்கத்தில் மறுவெளியீட்டு ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். அந்த 1959-ல் பியானோ கலைஞர் ரிக்டர் வார்சாவில் வாசித்த ரஹ்மானினோவ் இரண்டாவது கான்செர்ட்டோ, 1929-ல் ரஹ்மானினோவே வாசித்ததைவிட முதல் பகுதியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளம். எது எந்தக் காலத்துப் பழக்கம் என்று ஆராய வருகிற மாணவனுக்கு முதலில் வேண்டியது ஆண்டு. அதுவே தவறாக இருந்தால் அவன் எதை ஒப்பிடுவான்?

மூன்றாவதாகப் பியானோவின் குரலைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் இரண்டாம் மணியும் அடித்துவிட்டார். பொருளாளர் ஐயாவும் வந்துவிட்டார், வணக்கம் ஐயா. ஏழு விவரம் கேட்கும் விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே, உங்களிடம் இருக்கும் இசைத்தட்டு ஒன்றில் எந்த விவரம் விடுபட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.