மூன்று ஃபிரேம்

(இசைக் காணொளி எடுக்கப் போகும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

குழுவாக வேலை செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் என்று நான் ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் உங்கள் கை தானாகக் கைபேசிக்குப் போகும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அதனால் நேற்று இரவு, நான் மாணவனாக இருந்தபோது ஏழு பேர் சேர்ந்து எடுத்த இசைக் காணொளியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 3 நிமிடம் 40 நொடி. பல வருடமாக அதை நான் பார்க்கவில்லை. காரணம், அதில் 2 நிமிடம் 11-வது நொடி. அந்த நொடியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டு. எல்லோரையும் போல நாங்களும் ஒரு பிரபலமான பாட்டைத்தான் எடுக்க நினைத்தோம். 'நன்றி' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நம்பினோம். போதாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. படத்தோடு சேர்க்க இரண்டுக்குமே அனுமதி வேண்டும். நன்றி சொல்வது அனுமதி ஆகாது. எங்கள் குழுவில் பாடவும் எழுதவும் தெரிந்த தோழி ஒருத்தி இருந்தாள். "என் பாட்டு ஒன்று இருக்கு, கேட்கிறீங்களா?" என்றாள். எல்லோரும் ஒரு தடவை கேட்டோம். ஒரே ஒரு தடவை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உடனே ஷாட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

எங்கள் சறுக்கல் அங்கேதான் தொடங்கியது. அன்றைக்கு அது தெரியவில்லை.

ஏழு பேரில் நான்கு பேர் இயக்குநர்கள். நானும் அதில் ஒருவன். எங்களுக்குத் தெய்வம் மாதிரி இருந்தது ஓகே கோ என்ற அமெரிக்க இசைக்குழு 2006-ல் வெளியிட்ட காணொளி. நான்கு பேர், எட்டு ட்ரெட்மில், நகராத ஒரே கேமரா, வெட்டே இல்லாத ஒரே ஷாட். உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. அதைப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு, 'வெட்டில்லாமல் எடுத்தால் ஜெயிக்கலாம்' என்பது. ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே ஆடுகிற நான்கு பேரும் பாட்டின் ஒவ்வொரு தாள அடியையும் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் கண்ணில் படவில்லை. ஷாட் தெரிந்தது, ஒத்திகை தெரியவில்லை.

இந்த நான்கு இயக்குநர்கள், ஒரு பாடகி, ஒரு கேமராக்காரன் போக, மிச்சமிருந்தவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் நாகராவைக் கொடுத்தோம். இந்தச் சொல் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். படப்பிடிப்பில் பாட்டை ஓடவிடும் வேலைக்கு நம் சினிமாக்காரர்கள் சொல்லும் பெயர் அது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் செய்த ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் நாக்ரா. போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று அர்த்தம். கருவி போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. எங்களிடம் இருந்தது ஒரு மடிக்கணினியும் ஒரு ஸ்பீக்கரும்தான். ஆனாலும் அவனை நாகரா என்றே கூப்பிட்டோம். கடைசியில் அவன் சொந்தப் பெயரே எங்களுக்கு மறந்துபோனது. மறந்துபோனது என்று சும்மா சொல்லவில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாள் படப்பிடிப்பு. அவன் முதல் நாள் காலையிலேயே பாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயர் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் 'டிக், டிக், டிக், டிக்' என்று நான்கு தட்டுகள். யாரும் அவனிடம் கேட்கவில்லை. பாடுகிறவள் எங்கே வாயைத் திறக்க வேண்டும் என்று தடுமாறக் கூடாது என்று அவனாகச் செய்தது. கைபேசியில் பாட்டின் நொடி எண்ணை ஓடவிட்டு, டேக் தொடங்கும்போது அதைக் கேமரா முன் காட்டச் சொன்னான். "இதெல்லாம் எதுக்குடா?" என்று ஒருவன் சிரித்தான். நான்தான் அந்த ஒருவன். எடிட்டிங்கில் எந்த டேக் பாட்டின் எந்த வரி என்று தேடி மண்டை காயும்போது அந்தக் கைபேசித் திரைதான் எங்களைக் காப்பாற்றியது.

ஸ்லோ மோஷன் எடுத்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தலைமுடி மெதுவாகப் பறக்க வேண்டும், ஆனால் வாய் பாட்டோடு சரியாக அசைய வேண்டும். இது நடக்க வேண்டுமானால் கேமராவை நொடிக்கு 50 ஃபிரேமில், அதாவது நொடிக்கு 50 தனித்தனிப் படமாக, ஓட்டி, படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் போட வேண்டும். அவள் அந்த வேகத்துக்குப் பாட வேண்டும். அப்புறம் 25 ஃபிரேமில் ஓட்டினால் எல்லாம் பாதி வேகமாகிவிடும், வாய் மட்டும் பாட்டின் வேகத்துக்கு வந்து உட்காரும். சொல்ல எளிது. இரட்டை வேகத்தில் அவள் குரலையே கேட்டபோது எலி கீச்சிடுவது மாதிரி இருந்தது. உருக வேண்டிய வரியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பது டேக் சிரிப்பிலேயே போயிற்று. நாங்கள் கத்தினோம். நாகரா மட்டும் கத்தவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முக்கால் பங்கு கூடுதல் வேகத்தில் இரண்டு தடவை போட்டுக் காட்டினான், அப்புறம் முழு இரட்டை வேகம். கூடவே அவனும் வாயசைத்தான். பத்தாவது டேக் ஓகே. இன்றைக்கும் அந்தக் காணொளியில் நான் வெட்கப்படாமல் பார்க்கிற நாற்பது நொடி அதுதான்.

விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவின் ஷட்டர் வேகத்தை வைக்காமல் ஒரு அறைக் காட்சி முழுவதும் பட்டை பட்டையாகத் துடித்தது, ஒரு மெமரி கார்டை நகலெடுக்கும் முன்பே அழித்தோம். இதெல்லாம் எல்லாக் குழுவுக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். கடந்துவிடுவோம்.

இரண்டாம் நாள் மாலை. வெளிச்சம் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீண்ட வெட்டவெளி. எங்கள் கனவு ஷாட்: பாடகி 40 மீட்டர் தூரத்திலிருந்து பாடிக்கொண்டே கேமராவை நோக்கி நடந்து வருகிறாள், 28 நொடி, வெட்டே கிடையாது. ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில். ஒரு ஒத்திகை பார்த்ததும் நாகரா என்னிடம் வந்தான்.

"அவ லேட்டாப் பாடுறா."

"யாரு, அவளா? அவ பாட்டுடா அது."

"அவ மேல தப்பில்ல. பாட்டு அவகிட்டப் போய்ச் சேர லேட் ஆகுது. நான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கிட்டு ஃபிரேமுக்கு வெளியே அவ கூடவே நடந்து வரட்டுமா?"

சூரியன் போய்க்கொண்டிருந்தது. நான்கு இயக்குநர்களுக்கும் ஒரே கருத்து வந்த முதல் தருணம் அது. "நேரமில்ல, நீ பாட்டை மட்டும் போடு" என்றோம். அவன் திரும்பிப் போய் மடிக்கணினி முன் உட்கார்ந்தான். அவ்வளவுதான், சண்டை ஒன்றும் இல்லை.

அவன் சொன்னது கணக்கு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 40 மீட்டரைக் கடக்க நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆகும். 25 ஃபிரேமில் ஓடும் படத்தில் அது மூன்று ஃபிரேம். அவள் அங்கே நிற்கும்போது மூன்று ஃபிரேம் பின்தங்கிப் பாடுகிறாள். நெருங்கி வர வர அந்தத் தாமதம் குறைகிறது. கேமரா பக்கத்தில் வரும்போது தாமதமே இல்லை. அதாவது ஒரே ஷாட்டுக்குள் வாயசைப்பு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று ஃபிரேம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மனிதக் கண் உதட்டைப் பார்ப்பதில் பொல்லாதது. என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் 'ஏதோ ஒட்டவில்லை' என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

எடிட்டிங்கில் நாங்கள் அந்த ஷாட்டின் தொடக்கத்தைப் பார்த்துப் பாட்டோடு பொருத்தினோம். முதல் சொல் கச்சிதமாக உட்கார்ந்தது. கைதட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டோம். முகம் கடுகளவு தெரிகிற இடத்தில் சரியாக வைத்தோம். முகம் திரையை நிரப்புகிற இடத்தில், 2 நிமிடம் 11-வது நொடியில், அவள் வாய் பாட்டை முந்திக்கொண்டு போகிறது. இதை நாங்கள் கண்டுபிடித்தது எப்போது தெரியுமா? எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் ஓடும்போது.

அவனுக்கு மட்டும் அது எப்படித் தளத்திலேயே தெரிந்தது? அவனுக்கு அறிவு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் அதைவிடச் சாதாரணம். அந்த இரண்டு நாளில் அவன் அந்தப் பாட்டை நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பான். நாங்கள் லென்ஸைப் பார்த்தோம், வானத்தைப் பார்த்தோம், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான். படம் எடுப்பது பாட்டுக்காக என்பது எங்களில் அவனுக்கு மட்டுமே நினைவிருந்தது.

எடிட்டிங் மேசையிலும் அதே கதைதான். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி. 3 நிமிடம் 40 நொடிக்கு 440 அடி. என் சக இயக்குநர் ஒருவன் பல்லவி முழுக்க ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டுப் போட்டான். அடிக்குப் பன்னிரண்டரை ஃபிரேம். அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது, அதனால் ஒரு வெட்டு பன்னிரண்டில், அடுத்தது பதின்மூன்றில். இவ்வளவு கணக்கும் போட்டு, பார்த்தால் தலைவலிதான் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நாகரா மெதுவாகச் சொன்னான்: "சரணத்துக்கு முன்னாடி அவ ஒரு மூச்சு இழுப்பா பாரு. அங்க வெட்டு."

எங்களில் யாருக்கும் அப்படி ஒரு மூச்சு இருப்பதே தெரியாது. ஓடவிட்டுக் கேட்டோம். இருந்தது. கணினி ஒலியை வரைந்து காட்டுகிற கோட்டில் பார்த்தால் சின்னத் தூசி மாதிரி ஒரு புடைப்பு. அங்கே, அந்த மூச்சு தொடங்கும் இடத்தில், இருட்டு அறையிலிருந்து வெட்டவெளிக்கு வெட்டினோம். அறையில் இருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாடகி மட்டும், "நான் அங்க மூச்சு விடுறது கேக்கக்கூடாதுன்னு நினைச்சேன்" என்றாள்.

அப்புறம் பெயர் போடும் நேரம் வந்தது. யார் பெயர் முதலில் என்று இரண்டு நாள் சண்டை. படப்பிடிப்புக்கு ஆன நேரம் இதற்கும் ஆயிற்று. கடைசியில் நான்கு பெயரையும் ஒரே அட்டையில் அகர வரிசையில் போட்டோம். இயக்குநர்கள், கேமரா, பாடல், குரல் எல்லாம் போன பிறகு, கடைசி அட்டையில் 'உதவி' என்று ஒரே ஒரு பெயர். அதிலும் ஒரு எழுத்துப் பிழை. நாகரா நாகரா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் பெயரை எப்படி எழுதுவான் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவனும் திரையில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று இரவு காணொளியைப் பார்த்து முடித்ததும் அவனைக் கூப்பிட்டேன். ரொம்ப நாளாயிற்று பேசி. இந்த மாதிரி மாணவர்களிடம் பேசப் போகிறேன், நம் பழைய காணொளியைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் கேட்டான்:

"ரெண்டு பதினொண்ணை சரி பண்ணிட்டியா?"

நான் எந்த நொடியையும் சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவனாகச் சொன்னான். அதைச் சரிபண்ண வழி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த 28 நொடியை முழுக்க ஒரே துளி நீட்டினால் போதும், ஆரம்பத்தில் பொருத்தினது அப்படியே இருக்கட்டும், கடைசியில் மூன்று ஃபிரேம் கூடி வருகிற மாதிரி இழுத்துவிடு, நடை வேகம் மாறினது யாருக்கும் தெரியாது என்றான். பழைய கோப்புகள் என்னிடம் இருந்தன. ராத்திரியே செய்தேன். பத்து நிமிட வேலை. அதோடு கடைசி அட்டையையும் திறந்தேன். 'உதவி' என்பதை எடுத்துவிட்டு 'நாகரா' என்று போட்டேன், எழுத்துப் பிழையையும் திருத்தினேன். எப்படி எழுதுவது என்று இந்தத் தடவை அவனிடமே கேட்டுக்கொண்டேன்.

இப்போது உங்களுக்கு அதைப் போட்டுக் காட்டப் போகிறேன். பட்டை பட்டையாகத் துடிக்கிற அறைக் காட்சியை ஒன்றும் செய்ய முடியவில்லை, அது அப்படியேதான் வரும். விளக்கை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், கடைசி வரிசை ரொம்பத் தூரத்தில் இருக்கிறது.