நேரம் தப்பும் வாட்சுக்கு ஏன் இவ்வளவு விலை?

[மேசையில் இரண்டு கைக்கடிகாரங்கள்]

இதோ இரண்டு வாட்ச். முதலாவது, பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ். ஒரு மாதம் முழுக்க ஓடினாலும் 15 விநாடிக்குள்தான் முன்னே பின்னே போகும். இரண்டாவது, ஸ்பிரிங்கில் ஓடும் சுவிஸ் வாட்ச். ஒரே நாளில் 6 விநாடி முந்தினாலும் அதற்குத் துல்லியச் சான்றிதழ் கிடைத்துவிடும்! விலை அதிகம் எதற்கு? தப்பாக ஓடுகிறதே, அதற்குத்தான்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தங்களால் வாங்க முடியும் என்று ஊருக்குக் காட்டவே சிலர் விலை உயர்ந்த பொருளை வாங்குகிறார்கள் என்று 1899இலேயே தோர்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளாதார அறிஞர் எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

சரி, வாட்சைத் திறப்போம்.

[படிகத்தின் படம்]

குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு சின்னப் படிகம் இருக்கிறது. மின்சாரம் பட்டால் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதென்ன விசித்திர எண்? பாதியாக்குங்கள்: 16,384. மறுபடியும் பாதி. இப்படி 15 முறை செய்தால் கடைசியில் மிஞ்சுவது சரியாக 1. அந்த ஒன்றுதான் விநாடி முள்ளின் ஒரு தட்டு! வீடியோவை நிறுத்திவிட்டுக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், காத்திருக்கிறேன். ஸ்பிரிங் வாட்ச் பாவம், பெரும்பாலும் விநாடிக்கு 8 துடிப்புதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 4,50,000 யென். அந்தப் பணத்தில் ஒரு கார் வாங்கலாம். அன்றைக்குத் துல்லியமே ஆடம்பரம்! அப்புறம் குவார்ட்ஸ் மலிவானது, எல்லார் கையிலும் ஏறியது, துல்லியத்தின் மவுசு போனது. சுவிட்சர்லாந்தில் பல வாட்ச் கம்பெனிகள் மூடப்பட்டன. பிழைத்தவற்றில் சில, மணி காட்டுவதை விட்டுவிட்டு கைவேலையையும் பரம்பரைப் பெருமையையும் விற்கத் தொடங்கின. என்னைக் கேட்டால், வியாபார உலகின் மிக அழகான குட்டிக்கரணம் இதுதான்.

அப்படியானால் வாங்குபவர்கள் ஏமாளிகளா? அவசரப்படாதீர்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் பிடித்தது என்றார்கள் குடித்தவர்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாகவே வேலை செய்தது. பொய் விலைதான், ஆனால் ருசித்தது நிஜம்.

மலிவாகிவிடக் கூடாதே என்ற பயம் கம்பெனிகளுக்கும் உண்டு: 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை பர்பெரி என்ற பிரிட்டிஷ் ஆடம்பர உடை நிறுவனம் அழித்தது. கண்டனம் கிளம்பியதும் அந்த வழக்கத்தை நிறுத்தியது.

[விநாடி முள், அருகில்]

கடைசியாக ஒன்று. குவார்ட்ஸ் முள் பொதுவாகத் தட்டித் தட்டி நகரும். ஸ்பிரிங் வாட்சின் முள் வழுக்கிக்கொண்டே போகும். விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். என் முள் தட்டுகிற ஜாதி. உங்களுடையது? கமெண்டில் சொல்லுங்கள். வாட்சைக் கட்டிக்கொண்டு மணி பார்க்க போனை எடுப்பவர்களும் ஒப்புக்கொள்ளலாம், நானும் அந்தக் கட்சிதான்.