தங்கத்தின் மேல் மீன்முள்

நேயர்களுக்கு வணக்கம். மூவர் உட்காரும் பஸ் இருக்கையில் நான்காவது ஆளாக ஒண்டிக்கொண்டு பயணம் செய்திருப்பீர்கள். அந்த நெருக்கடியை மனத்தில் வையுங்கள். திரும்ப அதனிடம் வருவேன்.

படிகத்துக்குள் புதைந்த அணுவுக்கு நாலாபுறமும் துணை உண்டு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கோ தலைக்கு மேல் ஆளில்லை. அந்தத் தவிப்பில் பரப்பு தானாகவே இடம் மாறி அமர்கிறது, கோலம் விழுகிறது. வரைந்தவர் எவருமில்லை.

சிலிக்கானின் ஒரு முகத்தில், பக்கத்துக்கு ஏழு அணு இடைவெளி கொண்ட ‘ஏழுக்கு ஏழு’ என்ற கட்டம் திரும்பத் திரும்ப வருவது 1959 முதலே தெரியும். உள்ளே அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதில்தான் ஓயாத வழக்கு. சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் என்ற இயற்பியலாளர்களும் சகாக்களும், பரப்பைத் தொடாமல் அதன் மேல் ஊசியை நகர்த்தி, இடைவெளியில் கசியும் மின்னோட்டத்தைக்கொண்டு மேடுபள்ளம் அறியும் கருவியைச் செய்தார்கள். அதிர்வுதான் எதிரி. இரவில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அளந்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். இன்றுபோல் திரையில் வண்ணப் படம் வரவில்லை. பதிவுக்கருவி காகிதத்தில் கோடு கோடாகக் கிறுக்கியது. அந்தக் கோடுகளை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, மலைத்தொடர்போல ஒட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைதான்! 1983இல் வெளியான அந்த மாதிரியில், ஒவ்வொரு கட்டத்திலும் பன்னிரண்டு அணுக்கள் குன்றுகளாக நின்றன. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு. கைவேலையை ஏளனம் செய்யும் மாணவர்களிடம் இதைச் சொல்ல நான் சலித்ததே இல்லை.

பஸ்ஸுக்கு வருவோம். தங்கத்தின் ஒரு முகத்தை வெற்றிடத்தில் சுத்தம் செய்து சூடாக்கினால், மேலடுக்கு அணுக்கள் நெருங்கி, 22 பேர் இடத்தில் 23 பேர் உட்காருகிறார்கள். அணுக்கள் எல்லாமே கீழடுக்குப் பள்ளத்தில் சரியாகப் பொருந்த முடியுமா? பொருந்தாத இடங்கள் மெல்லிய வரப்புகளாக எழும்புகின்றன. இந்த நெருக்கம் ஒரே திசையில்தான். ஒரு பக்கமாகவே இறுகினால் தாங்காது என்பதால், சிறிது தூரம் போனதும் வரப்பு 120 பாகைக் கோணத்தில் திரும்புகிறது. பிறகு மறுபடி திரும்புகிறது. பார்த்தால் மீன்முள்! வரப்புகள் இரண்டிரண்டாக ஓடுகின்றன; ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே ஆறு நானோமீட்டருக்குச் சற்று அதிகம். மேலே நிக்கல் தூவினால் அது கண்ட இடத்தில் படிவதில்லை. திருப்பங்களைத் தேடி, வரிசையாகக் குவிகிறது. மறுபடியும் சொல்கிறேன், எவரும் வழிகாட்டவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஜெர்மானியம் என்ற தனிமத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதன் அணு இடைவெளி சிலிக்கானைவிட 4 சதவீதம் அதிகம். சிலிக்கான் மேல் படியவிட்டால் மூன்று, நான்கு அடுக்குவரை பொறுத்துக்கொள்ளும். அப்புறம் குட்டிக் குட்டிப் பிரமிடுகளாகக் குவிந்துவிடும். வணக்கம்.