ஓநாய்களும் ஒரு கிடாரமும்: நியூ ஓர்லியன்ஸின் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுக் கதை

[காட்சி: மாலை. வெபர் மைதானத்தின் வாசல்.]

வணக்கம். மட்டக்களப்பில் இந்த மைதானத்தின் பெயர் தெரியாதவர் இல்லை. வழி சொல்வதென்றாலும் வெபர், போட்டி எங்கே என்றாலும் வெபர். ஆனால் வெபர் என்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரச் சாமியார் என்பார்கள். மீதிப் பேர் கைபேசியைப் பார்ப்பார்கள்.

ஹரோல்ட் வெபர் அடிகளார் 1914இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டைப் பழக்கி, 1998இல் மட்டக்களப்பிலேயே கண்மூடினார். அவருடைய மாநிலமான லூசியானாவிலிருந்து வந்த இன்னொருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பேர்போன அணியாக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இன்றுவரை வந்துசேரவில்லை.

வெபர் பிறந்த நியூ ஓர்லியன்ஸில், இவர்களுடைய சபையே நடத்துகிற சின்னப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. பெயர் லயோலா. சென்னைக் கல்லூரியை நினைத்துவிடாதீர்கள். அதுவும் அதே சபைதான், ஆனால் இது வேறு. இன்றைய வீடியோ அதன் விளையாட்டு அணிகளைப் பற்றியது.

[காட்சி: லயோலா குடும்பச் சின்னத்தின் படம்.]

முதலில் இந்தச் சின்னத்தைப் பாருங்கள். சங்கிலியில் தொங்குகிற ஒரு கிடாரம், இரண்டு பக்கமும் இரண்டு ஓநாய்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் குடும்பச் சின்னம் இது. ஸ்பானிய மொழியில் ஓநாய் என்பது லோபோ, கிடாரம் என்பது ஓல்யா. இரண்டும் சேர்ந்து லயோலா ஆனதாகச் சொல்வார்கள். வீட்டாருக்கும் வேலைக்காரருக்கும் வீரர்களுக்கும் போட்டு முடித்த பிறகும், ஓநாய்க்குப் போடச் சோறு மிஞ்சுகிற வீடு என்பது கருத்து. அதனால்தான் லயோலா அணிக்கு ஓநாய்க் கூட்டம் என்று பெயர். சிங்கம், புலி, கழுகு என்று எல்லோரும் வைக்கிற பெயர்களுக்கு நடுவில், பந்திச் சோற்றிலிருந்து பிறந்த பெயர் இது. எனக்குப் பிடித்துவிட்டது.

லயோலா 1912இல் பல்கலைக்கழகமானது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பாணிக் கால்பந்துதான் அங்கே பெரிய விளையாட்டு. 1928இல் நொட்ர டாம் என்ற ஜாம்பவான் அணியோடு மோதி 12க்கு 6 என்றுதான் தோற்றார்கள். ஆனால் அந்த விளையாட்டு காசு தின்னும். தலைக்கவசம், தோள்கவசம், பெரிய அரங்கு, பெரிய படை. 1939 பருவத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். இடையில் ஓர் ஓட்டக்காரர்: எம்மெட் டொப்பினோ. 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4x100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம், 40 விநாடியில் உலக சாதனை. சின்னப் பல்கலைக்கழகத்துக்கு அது போதாதா?

[காட்சி: 1945 என்ற எழுத்து திரையில்.]

கூடைப்பந்துக்கு வருவோம். சிறிய கல்லூரிகளுக்கென்று கன்சாஸ் சிட்டியில் 1937இல் ஒரு தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கியது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே அதற்குத் துணைநின்றார். போர் காரணமாக 1944இல் நடக்கவில்லை. அடுத்த வருடம் நடந்தபோது லயோலா இறுதியாட்டத்தில் பெப்பர்டைன் அணியை 49க்கு 36 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

அந்த அணியின் நட்சத்திரம் லெராய் ஷொலே என்ற உள்ளூர்ப் பையன். இவருடைய கதையை நான் சுருக்கப் போவதில்லை.

மட்டக்களப்பில் புதிதாக ஒருவரைக் கண்டால் பெரியவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, என்ன குடி?" தாய்வழியைப் பிடித்துக்கொண்டு ஆளை எடைபோட்டுவிடுவார்கள். நியூ ஓர்லியன்ஸிலும் அன்று இதே கேள்வி, வேறு வடிவத்தில் இருந்தது. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். ஷொலே பார்வைக்கு வெள்ளைக்காரர். வெள்ளையருக்கான அணியில் விளையாடினார், தேசிய வெற்றியும் பெற்றுக் கொடுத்தார். அவருடைய முன்னோரில் கறுப்பினத்தவரும் உண்டு என்ற செய்தி வெளியே வந்தது. அதோடு சரி. ஊரையும் அணியையும் விட்டுவிட்டு வடக்கே பஃபலோ நகருக்குப் போனார். அங்கே கனீஷியஸ் என்ற கல்லூரியில் விளையாடினார். அதுவும் இயேசு சபையுடையதுதான். பிறகு சிரக்கியூஸ் அணிக்காகத் தொழில்முறை ஆட்டத்திலும் இறங்கினார். கிண்ணம் நியூ ஓர்லியன்ஸில், கிண்ணம் வென்றவர் பனி கொட்டுகிற பஃபலோவில்.

வெபரும் ஹேபர்டும் இலங்கைக்கு வந்தது இதையொட்டிய வருடங்களில்தான், 1940களின் பிற்பகுதியில்.

1950களில் லயோலா பெரிய பல்கலைக்கழகங்களின் தேசியப் போட்டிக்கும் மூன்று தடவை போனது. மூன்றிலும் முதல் ஆட்டத்தோடு வீடு திரும்பியது. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 1972இல் நிர்வாகம் எல்லா அணிகளையும் கலைத்துவிட்டது. பத்தொன்பது வருடம் அந்தப் பெயரில் யாரும் களமிறங்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடம் என்றால், அணி என்று ஒன்று இருந்ததே தெரியாமல் எத்தனை தொகுதி மாணவர் வந்து பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், கணக்குப் பாருங்கள்.

அணிகள் 1991இல் திரும்பி வந்தன. கொண்டுவந்தவர் கோடீஸ்வரரும் அல்ல, பழைய மாணவர் சங்கமும் அல்ல. அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்களே வாக்கெடுப்பு நடத்தி, எங்கள் கட்டணத்தைக் கூட்டுங்கள், அந்தக் காசில் அணிகளை நடத்துங்கள் என்று முடிவெடுத்தார்கள். விளையாடத் தெரியாதவர்களின் காசும் அதில் இருந்தது.

இதை வந்தாறுமூலைப் பக்கம் இருந்து யோசித்துப் பார்க்கிறேன். நம்முடைய கிழக்குப் பல்கலைக்கழகமும் சின்னதாகத்தான் தொடங்கியது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் பல்கலைக்கழகம். இங்கே கல்வி இலவசம், கட்டணம் கூட்டச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் கையெழுத்து வேட்டை, பேரணி, ஒன்றியத் தேர்தல் என்று எத்தனையோ பார்த்திருக்கிறோம். ஒரு கூடைப்பந்துத் தளத்துக்காக மாணவர்கள் ஒன்றுகூடிக் கேட்டதாக நான் கண்டதில்லை.

[காட்சி: பல மாடிக் கட்டிடம், கீழே கார்கள்.]

இதுதான் லயோலாவின் உள்ளரங்கு. ஓநாய்களின் குகை என்று பெயர். கீழ் மாடிகளெல்லாம் வாகனத் தரிப்பிடம், அதற்கு மேலே விளையாட்டுத் தளம். நகரத்துக்குள் இடமில்லை, அதனால் காரின் தலைக்கு மேலே கூடையை மாட்டிவிட்டார்கள். கச்சான் காற்றில் பந்து திசைமாறிப் போகிற சீமெந்துத் தளத்தில் விளையாடி வளர்ந்த எனக்கு இதுவும் சொகுசுதான்.

2021 ஆகஸ்டில் ஐடா சூறாவளி நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியபோது அணி ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஆடிய அந்தப் பருவத்தில் 37 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2022 மார்ச்சில் மீண்டும் கன்சாஸ் சிட்டி. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது டல்லடேகா கல்லூரி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தொடக்கிய கறுப்பினக் கல்லூரி. லயோலா 71, டல்லடேகா 56. எழுபத்தேழு வருடத்துக்குப் பிறகு அதே கிண்ணம்.

[காட்சி: மறுபடியும் வெபர் மைதானம். விளக்குகள் எரியத் தொடங்குகின்றன.]

இந்தத் தடவை கிண்ணத்தை ஏந்தி நின்றவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின இளைஞர்கள். அதற்காக யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.