இரண்டு முட்டைக்கு ஒரு கேக்: வீட்டில் சிறிய அளவில் பேக்கிங்

[காட்சி: சமையலறைத் தராசின் மேல் ஒரு கிண்ணம். இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றுகிறோம். எண் 98 கிராமில் நிற்கிறது.]

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள என் சமையலறையிலிருந்து பேசுகிறேன். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ கேக் மூன்று நாள் கிடந்து காய்ந்துபோவதைவிட, ஒரு மாலைத் தேநீரோடு தீர்ந்துபோகும் அளவுக்குச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது தராசைப் பாருங்கள். ஓடு நீங்கிய முட்டை 98 கிராம் என்றால், வெண்ணெய் 98, சர்க்கரை 98, மைதா 98. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் ‘கத்ர் கார்’, அதாவது ‘நான்கு கால் பங்குகள்’ என்று அழைக்கிறார்கள். முட்டை சிறியதோ பெரியதோ, மற்ற மூன்றும் அதன் எடையைப் பின்தொடர்வதால் கணக்கு பிசகுவதே இல்லை. இதனுடன் ஒரு சிட்டிகை உப்பும், ஒரு மட்டமான தேக்கரண்டி, அதாவது சுமார் 4 கிராம், பேக்கிங் பவுடரும் போதும்.

கரண்டியைத் தலைதட்டி எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு கிராம் போடும் பெரிய கேக்கில் இரண்டு கிராம் கூடினால் கால் பங்குதான் அதிகம். நான்கு கிராம் போடும் இடத்தில் அதே இரண்டு கிராம் பாதிப் பங்காகிவிடும். அப்போது கேக் வேகமாக எழும்பி, நடுவில் குழிந்துவிடும். மைதாவைக் கப்பில் அளப்பதையும் இதனால்தான் நான் விட்டுவிட்டேன். தளர்வாக நிரப்பிய கப்புக்கும் அழுத்தி நிரப்பிய கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வந்துவிடுகிறது.

[காட்சி: வெண்ணெயில் விரல் அழுத்தும் நெருக்கக் காட்சி. குழி விழுகிறது, ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கம் இல்லை.]

நம் ஊரில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைப் பதிக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி வரை இருந்தால் குமிழ்களைத் தாங்கும், 32 டிகிரியைத் தாண்டினால் உருகி அவற்றை விட்டுவிடும். மே மாதப் புதுச்சேரியில் நண்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் என்பதால், நான் விடியற்காலையில் பேக் செய்கிறேன். முடியாத நாளில் கிண்ணத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டில் வைத்து அடிக்கிறேன். சிறிய அளவு மாவுக்குப் பெரிய மிக்ஸரின் துடுப்பு எட்டாது. கையில் பிடிக்கும் பீட்டரே ஏற்றது.

பேக்கிங் பவுடர் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்காற்றின் ஈரம் மூடி சரியாக மூடாத டப்பாவுக்குள் புகுந்துவிடும். ஓர் ஐப்பசி மழையில், கட்டிதட்டிப்போன பவுடரை உதிர்த்துப் போட்டுச் செய்த கேக் அப்பம்போல் தட்டையாக வந்தது. அதன்மீது செலவழித்த நல்ல வெண்ணெயை நினைத்து மிகவும் வருந்தினேன். இப்போது ஒவ்வொரு முறையும் அரைத் தேக்கரண்டி பவுடரை அரைக் கப் வெந்நீரில் போட்டுப் பார்க்கிறேன். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது; சோம்பலாக நாலைந்து குமிழ் விட்டால், புது டப்பா வாங்குங்கள்.

அடித்த வெண்ணெயில் முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மைதாவைச் சலித்து மெதுவாகக் கலந்து, ஆறு அங்குல வட்டத் தட்டில் ஊற்றி, 170 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வேகவையுங்கள். எட்டு அங்குலத் தட்டின் பரப்பில் ஆறு அங்குலத் தட்டுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. ஆகவே நான்கு முட்டைச் செய்முறையைப் பாதியாக்குவோர் தட்டையும் மாற்றுவது அவசியம்.

[காட்சி: மஃபின் மாவு, திட்டுத்திட்டாக இருக்கும் நிலையில் கரண்டி நிறுத்தப்படுகிறது.]

மஃபினுக்கு வழி வேறு. ஆறு மஃபின்களுக்கு 120 கிராம் மைதா, 60 கிராம் சர்க்கரை, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியவற்றை ஒரு கிண்ணத்திலும், ஒரு முட்டை, 80 மில்லி பால், 50 கிராம் எண்ணெய் ஆகியவற்றை இன்னொன்றிலும் வைத்து, பின் ஒன்றாக்கிப் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கிளறுங்கள். பண்ருட்டி முந்திரி கைவசம் இருந்தால் ஒரு பிடி வறுத்து, உடைத்துச் சேர்க்கலாம். மாவு வழவழப்பாகும்வரை கிளறினால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, வெந்த மஃபினுக்குள் நீண்ட சுரங்கங்கள் தோன்றும். 180 டிகிரியில் 18 நிமிடம் கழித்து நடுவில் ஈர்க்குச்சி குத்தி, சுத்தமாக வந்தால் எடுத்துவிடுங்கள்.

கம்பித் தட்டில் முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும்.