ஒரே சீட்டில் இரண்டு ஓட்டு

நண்பர்களே, ஜெர்மனியில் ஓட்டுச்சீட்டு ஒன்றுதான், ஓட்டு இரண்டு. இடது பக்கம் தொகுதி வேட்பாளர்கள், வலது பக்கம் கட்சிகள். நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது வலது பக்கக் கணக்கு. அப்படியானால் இடது பக்கம் எதற்கு? பெர்லினில் ஒரு தொகுதியைப் பார்த்தால் புரியும்.

ஃபிரீட்ரிஷ்ஸ்ஹைன்–குரோய்ட்ஸ்பெர்க். நடுவில் ஸ்ப்ரே ஆறு, மேலே ஓபர்பாம் பாலம். பெர்லின் சுவர் இருந்த நாளில் ஒரு கரை கிழக்கு, மறு கரை மேற்கு. இடையில் ஓடிய ஆறு முழுக்கக் கிழக்குக்கே சொந்தம். சுவர் போய்ப் பல வருடம் கழித்து, 2002 தேர்தலுக்காக நாட்டின் தொகுதிகளை 328இலிருந்து 299ஆகக் குறைத்தபோதுதான் இரு கரையும் ஒரே தொகுதியாயின. பக்கத்துப் பகுதியான பிரென்ஸ்லாவர் பெர்க்கின் கிழக்குப் பாதியும் கூடச் சேர்ந்தது.

அங்கே நின்றவர் பசுமைக் கட்சியின் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஸ்ட்ரோபலே. வழக்கறிஞர். 2001இல் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் தீர்மானத்தைத் தன் மீதான நம்பிக்கை வாக்கெடுப்போடு முடிச்சுப் போட்டார் பிரதமர் ஷ்ரோடர். ஆளும் கூட்டணியில் இருந்துகொண்டே எதிர்த்து வாக்களித்தார் ஸ்ட்ரோபலே. கட்சி ஓட்டில் கிடைக்கும் இடங்களைக் கட்சியின் பெயர்ப் பட்டியலில் மேலிருந்து வரிசையாக நிரப்புவார்கள். அப்புறம் என்ன, பெர்லின் பட்டியலில் அவருக்கு ஜெயிக்கக்கூடிய இடம் கிடைக்கவில்லை. சரி, மக்களிடமே போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தொகுதியில் இறங்கிவிட்டார். படை அனுப்புவதை ஆதரித்த வெளியுறவு அமைச்சர் ஃபிஷரும் அதே கட்சிதான். ஆனால் பிரசார வாசகம், 'ஸ்ட்ரோபலேவுக்கு ஓட்டு, ஃபிஷருக்கு வேதனை'! ஜெர்மனில் அது எதுகையோடு கச்சிதமாக ஒலிக்கும். நான் சொன்னால் பாதிதான் வரும்.

அவர் ஜெயித்தார். 31 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பசுமைக் கட்சி நேரடியாக வென்ற முதல் தொகுதி அது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அந்த வெற்றியால் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கூடவில்லை. தொகுதியில் ஜெயித்த இடத்தைக் கட்சியின் மொத்தப் பங்கிலிருந்தே கழிப்பார்கள். பட்டியலில் கீழே இருந்த ஒருவர் வெளியே, இவர் உள்ளே. எத்தனை பேர் என்பதை வலது பக்கம் முடிவு செய்தது; யார் என்பதை இடது பக்கம் மாற்றியது. கட்சி ஒதுக்கியவரை வாக்காளர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

2005, 2009, 2013 மூன்றிலும் அவரேதான். 2009இல் 46 சதவீதத்தைத் தாண்டினார், அங்கே கட்சிக்கு விழுந்த ஓட்டைவிட வெகு அதிகம். அவர் ஒதுங்கிய பிறகு, 2017இல் அதே கட்சியின் ஜனான் பைராம் 26.3 சதவீதத்தில் தப்பினார். இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைஸருக்கு 24.9. 2021இல் பைராம் சுலபமாக வென்றார். 2025இல் அவர் நிற்கவில்லை. மைஸர் தொகுதியைப் பிடித்துவிட்டார்.

அந்தத் தேர்தலில் விதியே மாறியிருந்தது. அந்த மாநிலத்தில் கட்சியின் ஓட்டுப் பங்குக்குக் கிடைக்கும் இடங்களுக்குள் அடங்கினால்தான் தொகுதியில் ஜெயித்தவருக்கு இடம். நாடு முழுக்க 23 பேர் முதலிடம் வந்தும் வீட்டுக்குப் போனார்கள். மைஸருக்கு அந்தக் கவலை இல்லை. பெர்லினும் ஒரு மாநிலம்தான்; அங்கே அவர் கட்சிதான் அந்த முறை முதலிடம். 2002இல் இந்த விதி இருந்திருந்தாலும் ஸ்ட்ரோபலே உள்ளே போயிருப்பார். அவருக்கு வேண்டிய கட்சி ஓட்டு பெர்லினில் இருந்தது. ஃபிஷருக்காக விழுந்த ஓட்டும் அதில் சேர்த்திதான்.